உயர்விலைச் செயற்கை இழை ஷேவிங் பிரஷ்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

வேளச்சேரிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கார்ட்ரிட்ஜ் ரேசரைக் கைவிட்டு, இருபக்க பிளேடு பூட்டும் பழைய வகை ரேசருக்கு மாறியிருக்கிறேன். ரேசரிலும் பிளேடிலும் எனக்குக் குறை ஏதும் இல்லை, தொல்லையெல்லாம் பிரஷில்தான். தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய நைலான் பிரஷ் தாடையோரத்தில் முள்ளாகக் குத்துகிறது. எவ்வளவு சுற்றினாலும் பெரிய பெரிய குமிழிகளாகவே நுரை எழுந்து, ரேசரைக் கையில் எடுப்பதற்குள் கன்னத்திலேயே வற்றிவிடுகிறது. போதாக்குறைக்கு அவ்வப்போது ஓரிரு இழைகள் உதிர்ந்து மீசையில் ஒட்டிக்கொள்கின்றன.

விலங்கு முடியில் செய்த எதையும் வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் முன்பே எடுத்த முடிவு. ஆகவே பேட்ஜர், பன்றி, குதிரை முடி பிரஷ்கள் என் கணக்கில் இல்லை. செயற்கை இழைப் பிரஷ்களை மட்டும் தேடியதில், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை யாக்கி போன்ற சீனத் தயாரிப்புகளும், அதற்கு வெகுமேலே ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று ஜெர்மனியின் மியூலே போன்றவையும் கண்ணில் படுகின்றன. படத்தில் பார்த்தால் இழைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. கைப்பிடி மட்டும்தான் வேறு.

இரண்டு கேள்விகள். இந்த இரு தட்டுகளுக்கும் இடையே தோலில் உணரக்கூடிய வேறுபாடு உண்டா, அல்லது அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்குத்தான் அந்தக் கூடுதல் பணமா? எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர்தான் வருகிறது, நல்ல உப்பு. விலை கூடிய பிரஷ் இந்தத் தண்ணீரிலும் நன்றாக நுரை எழுப்புமா?

பழையரேசர் எழுதுகிறார்:

நண்பரே, நூற்றைம்பது ரூபாய் பிரஷுக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பிரஷுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரத்துக்கு ஏறும்போது அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. கூடுதல் பணத்தில் பெரும்பகுதி கைப்பிடிக்கும் அதன் மேல் பொறித்த பெயருக்கும் போகிறது. ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நைலான் இழை முதலில் பல்துலக்கிக்கு வந்தது. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழை பொருத்திய பல்துலக்கி 1938இல் விற்பனைக்கு வந்தது. அதே வகை இழையைப் பின்னர் ஷேவிங் பிரஷிலும் கட்டினார்கள். பல்லைத் தேய்ப்பதற்கு விறைப்பு வேண்டும், கன்னத்துக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. விலங்கு முடி வேரில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். நைலான் இழையோ அடிமுதல் நுனிவரை ஒரே தடிமன், நுனியும் வெட்டிவிட்ட மொட்டை நுனி. உங்கள் தாடையில் குத்துவது அந்த மொட்டை நுனிதான். செயற்கை இழை என்றாலே மட்டம் என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்ததற்கும் அதுவே காரணம்.

பிறகு பிபிடி என்ற பாலியெஸ்டர் வகை இழைகள் வந்தன. இவற்றின் நுனியைக் காரக் கரைசலில் முக்கி அரித்து, ஊசிபோல் மெலிய வைக்க முடியும். ஒப்பனைத் தூரிகைகளுக்காக இத்தகைய மென்மையான இழைகள் பெருகின. அவற்றைப் பார்த்தே ஷேவிங் பிரஷ்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். 2010களின் நடுப்பகுதியில் பிளிசாஃப்ட் என்ற பெயரில் பரவிய பழுப்புநிற இழையும், அதன் பின் வந்த டக்சீடோ என்ற கறுப்பு வெள்ளை இழையும் கன்னத்தில் பட்டால் பஞ்சாக இருக்கும். நீங்கள் பார்த்த சீனப் பிரஷ்களில் இருப்பவை இவையும் இவற்றின் உறவினங்களும்தான்.

இப்போது விலைக்கு வருவோம். பேட்ஜர் முடியில் பியூர், பெஸ்ட், சில்வர்டிப் என்று தரம் பிரிப்பதற்குப் பொருள் உண்டு. ஒரு விலங்கின் உடலில் நல்ல முடி கொஞ்சமே கிடைக்கும், அதையும் கையால் தரம் பிரிக்க வேண்டும், எனவே தரம் உயர உயர விலையும் உயர்ந்தே தீரும். செயற்கை இழையில் இந்த அருமைப்பாடு கிடையாது. நல்ல இழையை வார்க்கும் ஆலை அதை எத்தனை டன் வேண்டுமானாலும் வார்க்கும். நாட் என்று சொல்லப்படும் முடிக்கட்டை மட்டும் தனியாகவே விற்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள மகார்டு ரேசர்ஸ் கடையில் ஒரு நல்ல செயற்கை நாட்டின் விலை பத்து டாலரை ஒட்டியே இருக்கும். பல பிராண்டுகள் சீன ஆலைகளிலிருந்து நாட்டை வாங்கித் தங்கள் கைப்பிடியில் ஒட்டி விற்பவை. ஆகவே அறுபது, எழுபது டாலர் பிரஷில் இழையின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மியூலே இந்தக் கூட்டத்தில் சேராதது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், தூரிகைத் தொழிலுக்குப் பெயர்போன மலைப்பகுதியில் இருக்கும் ஸ்டூட்சென்குரூன் என்ற சிற்றூரில் 1945இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய சில்வர்டிப் ஃபைபர் மெய்யாகவே நல்ல இழை. செயற்கை இழைக்கு மதிப்புத் தேடித் தந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மற்றவர்கள் பிந்தி வந்து அதற்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள் என்பதே இன்றைய நிலை.

எந்த விலையில் வாங்கினாலும் பிரஷ் கைக்கு வந்தவுடன் உலர்ந்த நிலையிலேயே இழைகளை நடுவில் விரல்களால் பிரித்துப் பாருங்கள். நடுமையத்தில் இழையே இல்லாமல் வட்டமாக ஒரு வெற்றிடம் தெரிந்தால், அது இழையை மிச்சம் பிடித்துக் கட்டிய நாட். நுரை அந்தக் குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், முகத்துக்கு வராது. அடியில் பசை மேடாக எழுந்து கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டால் பிரஷ் வளைய வேண்டிய இடத்தில் வளையாது. இந்த இரண்டும் இல்லாத ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பிரஷ், இவை உள்ள ஆறாயிரம் ரூபாய் பிரஷைவிட மேல்.

சிறுவாணி எழுதுகிறார்:

பழையரேசர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. என்னிடம் மியூலேயின் சில்வர்டிப் ஃபைபரும் இருக்கிறது, டக்சீடோ இழைப் பிரஷும் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நுனியின் மென்மையில் டக்சீடோ ஒரு படி மேல் என்றே தோன்றும். ஆனால் முகத்திலேயே நுரை கட்டுகிறவர்களுக்கு வெறும் மென்மை போதாது. குச்சியாக நிற்கும் இரண்டு நாள் தாடியின் அடிவரை சோப்பைக் கொண்டுசேர்க்க, இழைக்கட்டின் நடுப்பகுதியில் ஒரு எதிர்ப்பு வேண்டும். அழுத்தினால் விரிந்து, கையைத் தளர்த்தினால் மெல்லத் திரும்ப வேண்டும். மலிவான செயற்கைப் பிரஷ்களில் அது ஸ்பிரிங் போல் விருட்டென்று திரும்பிக் கண்ணாடியெங்கும் நுரையைத் தெளிக்கும், இல்லாவிட்டால் தொய்ந்து கன்னத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவான அந்த நிலையை ஜெர்மன் பிரஷில் கண்டேன்.

கைப்பிடியைப் பற்றி எல்லோரும் ஏதோ ஆடம்பரம்போல் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. சோப்பு வழியும் ஈரக்கையில் பிடிக்க வேண்டிய பொருள் அது. எடை அடியில் இறங்கி, இடுப்புப் பகுதி விரலுக்கு வாகாக ஒடுங்கி இருந்தால் பிரஷ் கையில் திரும்புவதே தெரியாது. மலிவான பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளே கூடாக இருப்பதால் தலை கனத்து, நிறுத்தி வைத்தால் சரிந்து விழுகிறது. தினமும் காலையில் கையில் எடுக்கும் பொருள், பல ஆண்டுகள் உழைக்கும் பொருள் என்று பார்த்தால், ஆறாயிரம் ரூபாய் அப்படியொன்றும் பெரிய தொகை அல்ல. கார்ட்ரிட்ஜுக்கு நாம் கொட்டிக் கொடுத்ததை நினைத்தால் சொல்லவே வேண்டாம்.

இருந்தாலும், முதல் நல்ல பிரஷ் வாங்குகிறவருக்கு ஜெர்மன் பிரஷைத்தான் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மென்மை பிடிக்குமா எதிர்ப்பு பிடிக்குமா என்பது ஒரு பிரஷைத் தேய்த்துப் பழகிய பிறகுதான் தெரியும்.

உப்புத்தண்ணி எழுதுகிறார்:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. அதுதான் இங்கே பெரிய கேள்வி என்பது என் கருத்து. உப்புத் தண்ணீரை எந்த பிரஷாலும் வெல்ல முடியாது. ஷேவிங் சோப்பும் கிரீமும் அடிப்படையில் ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களின் உப்புகள். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருந்தால், அவை இந்தச் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படிந்துவிடும். அதாவது நீங்கள் பிதுக்கும் கிரீமில் ஒரு பங்கு, நுரையாவதற்கு முன்பே தண்ணீரைச் சமாளிப்பதில் செலவாகிவிடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. சென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகள் அந்த முதல் வரம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. மேலே எழுதிய நண்பர் சிறுவாணித் தண்ணீரில் சவரம் செய்துகொண்டு எதிர்ப்பையும் மென்மையையும் அலசுகிறார், கொடுத்து வைத்தவர்!

இதற்குத் தீர்வு செலவில்லாதது. நுரை கட்ட மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷை நனைப்பதும் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் அந்தத் தண்ணீராக இருக்கட்டும். முகம் கழுவுவதையும் ரேசரை அலசுவதையும் குழாய்த் தண்ணீரிலேயே செய்யலாம். வேறுபாட்டை அன்றைக்கே காண்பீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செயற்கை இழையின் அடியில் சில மாதங்களில் வெள்ளையாக ஒரு படலம் கட்டும். இழை கெட்டுவிட்டது, விறைத்துவிட்டது என்று நினைத்துப் பலர் பிரஷையே தூக்கிப் போடுகிறார்கள். அது மேலே சொன்ன பிசுக்குதான். ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து கால்மணி நேரம் இழையை மட்டும் ஊறவைத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தின் ஒரு துளியால் அலசினால் பழைய மென்மை திரும்பிவிடும்.

கத்திரிக்கோல் எழுதுகிறார்:

சலூன் நடத்துகிறவன் என்பதால் என் பார்வை சற்று வேறு. கடையில் உயர்விலைப் பிரஷுக்கு வேலையே இல்லை. ஒருவர் முகத்தில் பட்ட பிரஷ் அடுத்தவர் முகத்துக்குப் போகக் கூடாது என்ற விழிப்பு வாடிக்கையாளர்களிடம் வந்துவிட்டது, அது நல்லதும்கூட. முதல் உலகப் போர்க் காலத்தில், பேட்ஜர் போலத் தோன்றுமாறு செய்த குதிரை முடி பிரஷ்கள் வழியாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆந்த்ராக்ஸ் பரவியது வரலாறு. செயற்கை இழையில் அந்த அச்சம் கிடையாது, விரைவில் உலரவும் செய்யும். ஆனால் கிருமிநாசினியில் திரும்பத் திரும்ப முக்கினால் இழை தாங்கினாலும் அடிப்பசை விட்டுக்கொடுத்துவிடும். அதனால் மலிவானதை வாங்கிச் சீக்கிரம் மாற்றுவதே எங்கள் வழக்கம். வீட்டில் ஒருவரே பயன்படுத்துவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மைதீன்_தென்காசி எழுதுகிறார்:

கேள்வி கேட்ட சகோதரர் விலங்கு முடி வேண்டாம் என்று எழுதியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டில் பன்றி முடி ஆகாது என்பதால் நான் இதில் கூடுதல் கவனம் வைப்பவன். அட்டையில் ‘நேச்சுரல் பிரிசில்’ என்றோ வெறும் ‘பிரிசில்’ என்றோ போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றி முடியாகவே இருக்கும். விலை கூடியதால் செயற்கை என்றோ, மலிவாக இருப்பதால் செயற்கை என்றோ முடிவு கட்டிவிட முடியாது. சந்தேகம் வந்தால் உதிர்ந்த ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். முடி என்றால் பொசுங்கி, தலைமுடி கருகும் நாற்றம் வரும், தொட்டால் கரியாக நொறுங்கும். செயற்கை இழை என்றால் உருகிச் சுருண்டு நுனியில் கெட்டியான மணியாகத் திரளும்.

தாமிரபரணி எழுதுகிறார்:

தனி நாட் பற்றி மேலே பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கைப்பிடிக்காகத்தான் அந்தப் பணம் என்றால், கைப்பிடியை நாமே செய்துகொண்டால் என்ன? எங்கள் பக்கம் அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அடிவிட்டம் 24 மில்லிமீட்டர் உள்ள நாட் ஒன்றை வரவழைத்து, ஒரு கடைசல் பட்டறையில் படம் வரைந்து காட்டிக் கைப்பிடி செய்து வாங்கினேன். அந்தப் பெரியவர் நாட்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணியில கெடக்குற சாமானுக்குத் தேக்குதான் தம்பி சரி” என்று தாமே மரத்தையும் முடிவு செய்துவிட்டார்.

இப்படிச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது குழியின் ஆழம். குழி நாட்டின் அடியைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் போதும். ஆனால் ஆழத்தை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாட் எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அவ்வளவுக்கு வெளியே நிற்கும் இழையின் உயரம் குறைந்து பிரஷ் விறைப்பாகும். மேலே நின்றால் மென்மை கூடித் தொய்வும் கூடும். சிறுவாணி நண்பர் சொல்லும் எதிர்ப்பில் பாதி இழையிலும் மீதி இந்தக் குழியிலும் இருக்கிறது. குழியின் உட்புறத்திலும் வார்னிஷ் பூசி, நீர் புகாத எபாக்சிப் பசையால் ஒட்டாவிட்டால் மரம் ஊறி விரிசல் விடும். நாட், தபால் செலவு, கடைசல் கூலி எல்லாம் சேர்த்தும் ஜெர்மன் பிரஷ் விலையில் பாதியைத் தொடவில்லை.

வேளச்சேரிவாசி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆர்.ஓ. தண்ணீரில் அதே பழைய நைலான் பிரஷையே முயன்றேன். குத்தல் குறையவில்லை, ஆனால் நுரை கடைசிவரை வற்றாமல் நின்றது. ஆகவே இப்போதைக்கு டக்சீடோ இழைப் பிரஷ் ஒன்றை வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். 22, 24, 26 என்று அளவுகள் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது? பேட்ஜரைப் போல முன்கூட்டி ஊறவைக்க வேண்டுமா?

பழையரேசர் எழுதுகிறார்:

24 எடுங்கள். 26 கிண்ணத்தில் அழகாகச் சுழலும், ஆனால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே, அதுவும் மீசை வைத்திருப்பவருக்கு, அது பெரும் இடைஞ்சல். இழையின் உயரம் 50 முதல் 55 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஊறவைக்கத் தேவையே இல்லை. விலங்கு முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், அதனால்தான் அதை ஊறவைக்கிறார்கள். பிபிடி இழை அநேகமாக ஈரத்தைக் குடிப்பதே இல்லை, இழைகளின் இடுக்கில்தான் தண்ணீர் நிற்கும். நனைத்தவுடன் இரண்டு மூன்று முறை நன்றாக உதறிவிட்டுத் தொடங்குங்கள்; பேட்ஜர் பழக்கத்தில் சொட்டச் சொட்ட எடுத்தால் நுரை நீர்த்து முழங்கை வரை ஒழுகும். கிரீமும் பாதாம் பருப்பு அளவு போதும், ஏனென்றால் செயற்கை இழை எதையும் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் முகத்துக்கே கொடுத்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஹீட்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இழையின் நுனி சுருண்டுவிடும். சுருண்ட நுனியை வினிகர்கூட நிமிர்த்தாது.